பழைய கம்பி பிரேக் சைக்கிள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக், காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலில் பூட்டும் ஆப்பு ஆணி) போட்ட கிராங்க் (பெடல் மாட்டும் கை). இந்த மூன்றும் உள்ள பழைய வண்டிகளுக்கானது இந்த வழிமுறை. இங்கிலாந்தில் செய்த ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகட்டும், 1949இல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலஸ் ஆகட்டும், அசன்சோல் சென்-ராலே ஆகட்டும், உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனாலேயே ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் நுழைந்துவிடும். ஆனால் ஒழுங்காக உட்காராது. புதிதாக ஓவராயில் செய்து பெயின்ட் அடித்த வண்டியில் வரும் கோளாறுகளைத் துருவின் மேல் போடுவதற்கு முன் மூன்றைச் சந்தேகப்படுங்கள்: பெயின்ட் ஏறக்கூடாத இடத்தில் ஏறிய பெயின்ட், அளவு பார்க்காமல் மாற்றிய பாகம், காரணம் தெரியாமல் முறுக்கிய நட்டு.

கையில் இருக்க வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், மரை (திருகுப் புரி) அளக்கும் கேஜ், 12 அங்குல இரும்பு ஸ்கேல், கோன்களை (குண்டுகளைப் பிடிக்கும் கூம்பு நட்டுகள்) திருப்ப மெல்லிய கோன் ஸ்பேனர்கள், கனமான வைஸ், இரு கையையும் விரித்த அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு நல்ல நூல். ஸ்பேனர் எடுக்கும் முன் வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பது கழற்றிய மறுநாளே மறந்துபோகும்.

மிதிக்கும்போது "டக்" என்று ஒரு அடி

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். சத்தம் எத்தனை மிதிக்கு ஒரு முறை வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் கோளாறு காட்டர், பெடல், பிபி ஆக்சில் (பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்குகள் சுற்றும் அடிக்கூட்டின் அச்சு) இவற்றில் ஒன்றில். இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒரு முறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 48 பல் சக்கரத்தில் 112 கண்ணிச் செயின் ஒரு முழுச்சுற்று வர 2⅓ மிதி ஆகும். கணக்கு அதோடு ஒத்துப்போனால் கிராங்கைத் தொடவே வேண்டாம். செயினைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் மடங்காத கண்ணி ஃப்ரீவீலை (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) தாண்டும்போது துள்ளும். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இரு கையாலும் லேசாக வளைத்து எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் சரியாகும். சீட்டை விட்டு எழுந்து மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி சீட்டு ஸ்பிரிங் அல்லது சீட்டுக் கிளிப்.

காட்டர்தானா என்று உறுதிசெய்ய இரண்டு கிராங்கையும் தரைக்கு இணையாக நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரு பெடலிலும் ஏறி நில்லுங்கள். பிறகு அரைச்சுற்று திருப்பி மறுபடி நில்லுங்கள். ஏதாவது ஒரு கிராங்க் "டக்" என்று இடம் மாறினால் அந்தப் பக்கத்துக் காட்டர் தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஆக்சிலில் காட்டர் உட்காரும் பள்ளம் உருண்டு தேயும்; பிறகு புதுக் காட்டர் போட்டும் பயனில்லை, ஆக்சிலையே மாற்ற வேண்டும்.

கழற்றும் முறை: முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை இரு முனையிலும் விட்டு வையுங்கள். மறுநாள் நட்டை முழுவதும் எடுக்காமல், அதன் முகம் காட்டரின் மரை முனையோடு சமமாக நிற்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். காட்டரின் தலை உள்ளே போகும் அளவு துளையுள்ள ஓர் இரும்புக் குழாயை, தரையிலிருந்து கிராங்கின் அடிவரை சரியான நீளத்துக்கு வெட்டி, கிராங்குக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். இந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பிபி குண்டுகளில் இறங்கி, கப்பில் (குண்டுகள் உருளும் கிண்ணம்) குழி விழும். கனமான சுத்தியலால் நேராக, ஒரே பலமான அடி. பத்துச் சின்ன அடிகள் காட்டரின் முனையைக் காளான் தலையாக்கும். அதற்குப் பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு அடியில் அசையவில்லையென்றால் கிராங்கின் கண்ணை, அதாவது ஆக்சில் நுழையும் துளைப் பகுதியை, சூடாக்கி மறுபடி முயலுங்கள். அந்த இடத்துப் பெயின்ட்டோ குரோமோ கெடும் என்பதால் இதைக் கடைசியாக வையுங்கள்.

புதுக் காட்டர் வாங்கும்போது தண்டின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஆங்கிலேய வண்டிகளில் பொதுவாக 9.5 மி.மீ. கடையில் 9 மி.மீ. காட்டரும் கிடைக்கும்; அது உள்ளே போய்விடும், ஆனால் நிற்காது. மலிவான காட்டரின் இரும்பு மென்மையானது. இரண்டே வாரத்தில் அதன் தட்டை முகத்தில் ஆக்சிலின் விளிம்பு கோடு போட்டுவிடும். தட்டை முகம் சமமாக இல்லாவிட்டால் நைஸ் அரத்தால் ஒரே கோணத்தில் ராவி, மை தடவி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். மை முழு முகத்திலும் தேய்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் இன்னும் ராவல் வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு காட்டரும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரே திசையில் போட்டால் கிராங்குகள் ஒரே கோட்டில் நிற்காது. காட்டரை வைஸிலோ சுத்தியலாலோ இறுக்கி இறக்கிய பிறகுதான் நட்டு. நட்டு, இறங்கிய காட்டர் திரும்பி வராமல் பிடித்துவைக்க மட்டுமே. நட்டை முறுக்கிக் காட்டரை இழுத்தால் மரை போய்விடும். 20, 30 கி.மீ. ஓட்டியபின் முட்டுக் கொடுத்து மறுபடி ஓர் அடி அடித்து நட்டை இறுக்குங்கள். இதைச் செய்யாத காட்டர் நிச்சயம் தளரும்.

காட்டர் உறுதியாக இருந்தும் கிராங்க் ஆடினால் பிபி. வலது கப்பின் மரை இடமரை, அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். இடது கப் சாதாரண மரை. இங்கேதான் ராலே குடும்பம் தனி வழி போகிறது: மற்ற ஆங்கிலேய வண்டிகளின் பிபி மரை அங்குலத்துக்கு 24, ராலேயில் 26. 24 மரைக் கப்பை 26 மரைக் கூட்டில் ஏற்றினால் இரண்டு சுற்று இலகுவாகப் போய், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை "பெயின்ட் அடைப்பு" என்று நினைத்து முறுக்கியவர்கள் பிரேமையே கெடுத்திருக்கிறார்கள். கேஜ் வைத்துப் பார்க்காமல் கப் மாற்றாதீர்கள். குண்டு 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11. பழைய குண்டையும் புதுக் குண்டையும் கலக்க வேண்டாம். பெரிய குண்டுகள் மட்டுமே பாரம் சுமந்து சீக்கிரம் உடையும்.

பெடலை மாற்றும்போது இடது பெடல் இடமரை என்பது நினைவிருக்கட்டும்.

மிதித்தால் வழுக்குகிறது, செயின் தாவுகிறது

பெடல் வெறுமனே ஓடி, பிறகு "கடக்" என்று பிடித்தால் ஃப்ரீவீலின் உள்ளே இருக்கும் நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரணம் பெரும்பாலும் கிரீஸ். ஃப்ரீவீலுக்குக் கிரீஸ் கூடாது. மெல்லிய இயந்திர எண்ணெய்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுற்றி, அழுக்கு முழுவதும் வெளியே வந்தபின் காயவைத்து எண்ணெய் விடுங்கள். பல நேரம் இதுவே போதும். திறந்தே ஆக வேண்டுமென்றால், முகத்தில் இரண்டு குழி உள்ள மூடி இடமரை. ஒரு தட்டின் மேல் வைத்துத் திறங்கள். 1/8 அங்குலக் குண்டுகள் நிறைய இருக்கும், சிதறினால் எண்ணிச் சேர்க்க முடியாது. மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்தால் ஃப்ரீவீலின் ஆட்டம் குறையும். ஒன்றுக்கு மேல் எடுத்தால் இறுகி, மிதிக்காமல் உருளும்போது செயினையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

பல் மேல் செயின் ஏறித் தாவுவது வேறு கதை. செயினை இழுத்துப் பிடித்து 12 அங்குல ஸ்கேலை ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 தாண்டியிருந்தால் ஃப்ரீவீல் பல்லும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பழையதைவிட மோசமாகத் தாவும். பழைய வண்டிக்கு 1/2 x 1/8 அங்குலச் செயின். கியர் சைக்கிளின் ஒல்லிச் செயின் பல்லில் உட்காராது.

ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) உள்ள வண்டியில் நடுக்கியர் வழுக்கினால் ஹப்பைப் பிரிக்க ஓடாதீர்கள். கியரை 2இல் வைத்து, வலது பக்க நீள நட்டின் ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். சங்கிலி கோத்த குச்சியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால் கேபிள் அளவைத் திருகிச் சரிசெய்யுங்கள். கேபிள் அறுந்தால் இந்த ஹப் தானாகவே மூன்றாவது, அதாவது கனமான கியருக்குப் போய்விடும்; "மிதிக்கவே முடியவில்லை" என்று வரும் வண்டிகளில் முதலில் கேபிளைப் பாருங்கள். ஹப் கூட்டின் மேல் பொறித்திருக்கும் எண்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டும் மாதமும். வண்டியின் வயதைக் கணிக்க நம்பகமான தடயம் அது, ஆனால் சக்கரம் பிறகு மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம்.

பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை

கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கச்சுவரைப் பிடிப்பதில்லை. ஸ்போக்ஸ் பக்கமாக உள்ள உள்முகத்தை, வெளிநோக்கி இழுத்து அழுத்துகின்றன. ஆகவே ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேல்-கீழ் ஏற்ற இறக்கம்தான் பிரேக்குக்கு முக்கியம். பிரேக் பிடித்தால் வண்டி விட்டுவிட்டு நிற்கிறதா? ரிம் முட்டை வடிவத்தில் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எங்கும் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கும்படி ஸ்போக்ஸ் நிப்பிள்களைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். இந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ்.

லீவரை அழுத்தினால் கம்பி நகர்கிறது, கட்டை நகரவில்லை என்றால் கம்பிகளை இணைக்கும் கிளிப் வழுக்குகிறது. புதுப் பெயின்ட்டோ எண்ணெயோ கிளிப்பின் உள்ளே இருக்கும். கழற்றி, உள்முகத்தையும் கம்பியையும் உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்துப் பூட்டுங்கள். பின் பிரேக்கில் இணைப்புகள் அதிகம். ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். தேய்ந்த ஆணிகளை மாற்றுவது கட்டை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். விட்டபிறகும் கட்டை ஒட்டியே நின்றால், கம்பி வளைந்து வழிகாட்டிக் கண்ணில் உரசுகிறது, அல்லது திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அரத்தால் ராவி சொரசொரப்பாக்குங்கள். பல வருடம் கிடந்த கட்டை உள்வரை கெட்டியாகியிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். குரோம் ரிம் மழையில் நனைந்தால் எந்தக் கட்டையானாலும் பிடிப்பு வெகுவாகக் குறையும். இது கோளாறு அல்ல, இயல்பு. மழையில் ஓட்டுபவர் இரண்டு பிரேக்கையும் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

டயர் ஏறவில்லை, அல்லது ஏறியும் துள்ளுகிறது

"28" என்று எழுதியதை நம்பி வாங்கியதால் வரும் தொல்லை. 28 x 1½ டயரின் உட்கார் விட்டம் 635 மி.மீ. இப்போதைய 700சி டயர்களிலும் 28 என்று போட்டிருக்கும். அதன் விட்டம் 622, ஏறவே ஏறாது. 26 x 1⅜ என்பது 590. மலைச் சைக்கிளின் 26 என்பது 559. டயரின் பக்கத்தில் மி.மீ. அளவு அச்சிட்டிருக்கும். அதை மட்டும் பாருங்கள்.

இரவு காற்றடித்து காலையில் இறங்கியிருந்தால் பஞ்சர் பார்ப்பதற்கு முன் வால் டியூபைப் பாருங்கள். வால்வின் ஊசிமேல் மாட்டும் அந்தச் சின்ன ரப்பர் வெடித்திருக்கும் அல்லது ஊசியில் ஒட்டிப்போயிருக்கும். மாற்றி, வால்வின் வாயில் எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும். டியூபின் உள்பக்கத்தில், அதாவது ரிம் பக்கம், திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆனால் ஸ்போக்ஸ் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. ராவிவிட்டு ரிம் நாடா போடுங்கள்.

சக்கரம் அச்சில் ஆடினால் குண்டுகளைப் பாருங்கள்: முன் ஹப்பில் பொதுவாக 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் இடைவெளி இல்லாமல் நிரப்பி ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் சிக்குகிறது

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், ஹேண்டில் தண்டு சுற்றும் தலைக்குழாயின் அடிக் கிண்ணத்தில் குண்டுகள் குழி பறித்துவிட்டன. இறுக்கித் தளர்த்திப் பார்ப்பதில் பயனில்லை. கிண்ணத்தையும் கோனையும் ஜோடியாக மாற்ற வேண்டும். கூண்டுக் குண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு அதே அளவு தனிக் குண்டுகளை நிரப்புவதால் சில மாதங்கள் தள்ளலாம். குண்டுகளின் இடம் மாறுவதால் குழியில் விழாது. முன் பிரேக் பிடிக்கும்போது "கடக்" என்று கேட்டால் ஆட்டம். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் ஒரு வாரத்தில் இந்த ஆட்டம் வந்தால், கிண்ணம் உட்காரும் முகத்தில் இருந்த பெயின்ட் நசுங்கி வெளியேறியிருக்கிறது. கழற்றி, அந்த முகத்தைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிப் பூட்டுங்கள். பவுடர் கோட்டிங் கனமாக ஏறுவதால் இன்னும் மோசம். பிரேமைக் கொடுக்கும்போதே பிபி மரை, கிண்ணம் உட்காரும் இடம், சீட்டுக் குழாயின் உட்புறம், பின் அச்சுப் பொருந்தும் காதுகள் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுங்கள். முன் பித்தளைச் சின்னத்தையும் கழற்றிவிடுங்கள்.

கையை விட்டால் வண்டி ஒரே பக்கம் இழுக்கிறதா? பின் அச்சுக் காதிலிருந்து நூலைத் தலைக்குழாயைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரேம் கோணல். பெயின்ட் அடிக்கும் முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

டைனமோ சுற்றுகிறது, விளக்கு எரியவில்லை

பழைய வண்டியில் ஒரே ஒயர்தான். திரும்பி வரும் மின்சாரம் பிரேம் வழியாகவே வரும். புதுப் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஓவராயிலுக்கு முன் எரிந்த விளக்கு பிறகு எரியாததற்கு முதல் காரணம் இதுதான். டைனமோ கிளிப்பில் ஒரு கூர் முனைத் திருகு இருக்கும். அது பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். விளக்கு மாட்டும் இடத்திலும் நட்டுக்கு அடியில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பளபளப்பு கெடும் என்று மனம் வராவிட்டால் இரண்டாவது ஒயர் இழுத்துவிடுங்கள், அது இன்னும் நம்பகமானது.

சோதனைக்கு, 6 வோல்ட் பல்பை டைனமோவிலேயே நேரடியாகத் தொடவைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எரிந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது, ஒயரிலும் எர்த்திலும் தேடுங்கள். வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட், முன்விளக்கு 2.4 வாட், பின்விளக்கு 0.6 வாட். ஒரு பல்ப் போனால் மற்றதுக்கு வோல்ட் கூடி அதுவும் போய்விடும். அடுத்தடுத்துப் பல்ப் போகிறதென்றால் பின்விளக்கின் இணைப்பு விட்டுவிட்டுப் பிடிக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கம் தேய்ந்தால் டைனமோவின் அச்சுக்கோடு சக்கரத்தின் மையத்தை நோக்கி இல்லை.

ஸ்டர்மி ஆர்ச்சரின் டைனோஹப் (ஹப்புக்குள்ளேயே அமைந்த டைனமோ) உள்ளவர்கள் ஆர்வத்தில் காந்தத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள். இரும்பு வளையம் போடாமல் எடுத்த நொடியில் காந்தசக்தி குறைந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் விளக்கு மங்கலாகவே எரியும்.

துரு எடுத்தபின் பாகம் முறிகிறது, பளபளப்பு போகிறது

சீட்டு ஸ்பிரிங், ஃப்ரீவீல் ஸ்பிரிங், பிரேக் ஸ்பிரிங் எதையும் வலுவான அமிலத்தில் போடக்கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் கெட்டியான எஃகினுள் புகுந்து அதை முறியும் தன்மையாக்கும். முலாம் பூசக் கொடுக்கும்போது ஸ்பிரிங்குகளைத் தனியாக எடுத்துவைத்து, உப்புத்தாளாலும் கம்பி பிரஷாலும் சுத்தம் செய்யுங்கள்.

மற்ற இரும்புப் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம் போதும்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 20 முதல் 30 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில், சில மணி நேரம். நஞ்சு அது. கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். சமையல் பாத்திரம் கூடவே கூடாது. எடுத்ததும் சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு படரும். அலுமினியத்தை இதில் போட வேண்டாம். அசல் பெயின்ட், கோடு, எழுத்து இருக்கும் பிரேமை முழுவதும் முக்காதீர்கள். தெரியாத மூலையில் தொட்டுப் பார்த்து நிறம் மாறவில்லை என்றால் மட்டும் துணியில் நனைத்து ஒற்றுங்கள். குரோமில் உள்ள லேசான துருவுக்குத் தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்ப்பதே போதும். பித்தளை விளக்குக்கும் பெல்லுக்கும் புளியைவிட நல்லது எதுவும் தேவையில்லை.

அசல் பெயின்ட் முக்கால்வாசி இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள் என்பதே எங்கள் கருத்து. கையால் போட்ட பொன் கோட்டைத் திரும்ப அதேபோல் போடக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தோல் சீட்டு தொட்டில்போல் தொங்கினால் முன்முனை நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணெயில் ஊறவைத்த தோல் இளகித் தொங்கிவிடும். அடியில் இருந்து மெல்லிய மெழுகுப் பூச்சே போதும்.

கியர் ஹப் மாற்றியபின் அச்சு அடிக்கடி வளைகிறது

விருப்பத்துக்கு மாற்றியமைத்த வண்டிகளில் வரும் கோளாறு. பழைய பிரேமின் பின் காதுகளுக்கு இடையே 110 முதல் 115 மி.மீ. வரை இருக்கும். புதுக் கியர் ஹப்புகள் 120, 130, சில 135 கூடக் கேட்கும். கையால் விரித்து உள்ளே செருகினால் காதுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது. நட்டை இறுக்கும்போது அச்சு வளையும், கோன் ஒரு பக்கம் மட்டும் தேயும். விரிக்க வேண்டியது சில மி.மீ. என்றால் இரண்டு புறமும் சமமாக விரித்து, மேலே சொன்ன நூலால் சரிபார்த்து, காதுகளை இணையாக்கிவிட்டு மாட்டலாம். 20 மி.மீ. விரிக்க வேண்டியிருந்தால் அந்த ஹப்பை விட்டுவிட்டு, பழைய ஏ.டபிள்யூ. ஹப் ஒன்றைத் தேடி 40 துளை ரிம்மில் பின்னிக்கொள்ளுங்கள்.